நர்சம்மாவிடம் சொன்னது ஊருக்குச் சொன்னதல்ல

குடும்ப நலப் பாடம் – தம்பதியருக்கு



வீட்டு நகை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று வழியில் போகிறவரிடம் சொல்வீர்களா? மாட்டீர்கள். ஆனால் பயிர்ச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் அதே நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்துக் கொடுக்கிறீர்கள். எடை போட்டு, சீட்டு எழுதி, பூட்டி வைப்பார்கள் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் கொடுக்கிறீர்கள்.

குடும்பத்தின் அந்தரங்கச் செய்திகளும் நகை போன்றவைதான். அவற்றை உங்களிடமிருந்து கேட்டு வாங்குபவர் கிராமப்புற செவிலியர். நாம் நர்சம்மா என்கிறோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் துணை சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வருபவர் அவரே. ஆஷா பணியாளர், அங்கன்வாடி ஊழியர், படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள வரும் உதவியாளர் ஆகியோரும் உங்கள் வீட்டுச் செய்திகளை அறிகிறார்கள்.

அவர்களிடம் எதைச் சொல்ல வேண்டும்? சொன்னதை அவர்கள் எப்படிக் காக்க வேண்டும்? உங்கள் பங்கு என்ன? இவற்றை இந்தப் பாடத்தில் காண்போம்.

1. பதிவேட்டில் என்ன இருக்கிறது?

நர்சம்மாவிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒன்று உண்டு. மனைவிக்கு 15 முதல் 49 வயதுக்குள் இருந்தால் அந்தத் தம்பதியின் பெயர் அதில் இருக்கும். இருவரின் வயது, உயிரோடு உள்ள பிள்ளைகள் எத்தனை, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, எந்தக் கருத்தடை முறையைக் கையாளுகிறார்கள் என்பனவெல்லாம் எழுதப்பட்டிருக்கும். கர்ப்பம் தரித்தால் தாய் சேய் பதிவில் இன்னும் பல சேரும்: முந்திய பிரசவங்கள், கருச்சிதைவு, ரத்தப் பிரிவு, ரத்த அழுத்தம், எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு, ஆதார் எண், வங்கிக் கணக்கு, செல்போன் எண்.

இவ்வளவும் எதற்கு? யாருக்கு மாத்திரை தேவை, யாருக்குத் தடுப்பூசி நாள் வந்துவிட்டது, யாருடைய பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான். திண்ணைப் பேச்சுக்காக அல்ல.

2. மறைத்தால் வரும் ஆபத்து

சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பல பெண்கள் உண்மையை விழுங்கிவிடுகிறார்கள். அதனால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம். கீழே வரும் உரையாடல், பாடத்திற்காக எழுதப்பட்டது. கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டில் மாமியாரும் உடன் இருக்கிறார்.

நர்சம்மா: இதுக்கு முன்னாடி எப்பவாவது கர்ப்பமாகிக் கலைஞ்சிருக்கா?

மாமியார்: அதெல்லாம் இல்லம்மா. இதுதான் தலைச்சன்.

(மருமகள் தலையைக் குனிந்துகொள்கிறாள்.)

நர்சம்மா: சரிங்கம்மா. ரத்தம் எடுக்கணும். நாளைக்குக் காலையில சென்டருக்கு வரச் சொல்லுங்க.

மறுநாள் சென்டரில், கதவைச் சாத்திய பிறகு:

மருமகள்: நர்சம்மா… ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அம்மா வீட்டுல இருந்தப்ப, மூணு மாசத்துல கலைஞ்சு போச்சு. அவருக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சா ராசியில்லாதவன்னு சொல்லுவாங்க.

நர்சம்மா: அத்தைக்கு நான் சொல்லமாட்டேன். ஆனா எங்கிட்ட சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. உன் ரத்தம் நெகட்டிவ் குரூப்பும்மா. கலைஞ்சப்ப எதாவது ஊசி போட்டாங்களா?

மருமகள்: ஆஸ்பத்திரிக்கே போகலையே.

நர்சம்மா: அப்ப டாக்டர்கிட்ட சொல்லி இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்யணும். பயப்படாதே. நேரத்தோட வந்துட்ட.

இந்த உரையாடலில் அடங்கிய விஷயம் யாதெனில்: தாயின் ரத்தம் நெகட்டிவ் பிரிவாகவும், கருவிலுள்ள குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ் பிரிவாகவும் இருந்தால், பிரசவத்தின்போதோ கருச்சிதைவின்போதோ குழந்தையின் ரத்தம் சிறிதளவு தாயின் உடலில் கலக்கக்கூடும். அதைத் தாயின் உடல் அந்நியப் பொருளாகக் கருதி, எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கி வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை பாசிட்டிவ் குழந்தை கருவில் வந்தால் அந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் ரத்த அணுக்களை அழிக்கும். குழந்தைக்குக் கடும் ரத்தசோகை, மஞ்சள் காமாலை வரலாம். வயிற்றிலேயே இறந்துவிடவும் கூடும்.

இதைத் தடுக்க ஆன்டி-டி என்ற ஊசி உள்ளது. பிரசவமோ கருச்சிதைவோ ஆன 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முன்பு கலைந்ததும், ஊசி போடாததும் டாக்டருக்குத் தெரிந்தால்தான் அவர் கூடுதல் பரிசோதனை செய்து குழந்தையைக் கவனிக்க முடியும். 'தலைச்சன்' என்று எழுதிய ஒரு வார்த்தை குழந்தையின் உயிருக்கே உலை வைக்கலாம்.

நர்சம்மா இங்கே செய்தவற்றைக் கவனியுங்கள். மாமியாரின் எதிரில் தோண்டித் துருவவில்லை. தனியாக வரவழைத்துக் கேட்டார். கேட்டதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தினார். அந்தப் பெண் வாயைத் திறந்ததற்குக் காரணம் அந்தச் சாத்திய கதவுதான்.

3. நோட்டிலிருந்து போனுக்கு

முன்பெல்லாம் பதிவேடு என்றால் பெரிய நோட்டு. பீரோவில் வைத்துப் பூட்டினால் போதும். இப்போது அதே விவரங்கள் செல்போனிலும் கணினியிலும் ஏறுகின்றன.

இதில் நம் புதுச்சேரிக்கு ஒரு தனி இடம் உண்டு. 15 ஆகஸ்ட் 2020 அன்று தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கம் அறிவிக்கப்பட்டபோது, சோதனை முறையில் அது முதலில் தொடங்கிய ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. 27 செப்டம்பர் 2021 முதல் நாடு முழுவதற்கும் அது விரிந்தது. அதன்படி கொடுக்கப்படுவதுதான் 14 இலக்கம் கொண்ட ஆபா எண். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சீட்டைத் தூக்கிக்கொண்டு அலையாமல், உங்கள் சம்மதத்தின் பேரில் பழைய பரிசோதனை விவரங்களை டாக்டர் பார்க்க இது உதவும். ஆனால் ஆபா எண் எடுப்பது அவரவர் விருப்பம். கட்டாயமில்லை.

நோட்டு தொலைந்தால் ஓர் ஊரின் விவரம் போகும். கணினியின் கடவுச்சொல் வெளியே போனால் எத்தனையோ ஊர்களின் விவரம் போகும். ஜூன் 2023இல் கோவிட் தடுப்பூசி போட்டவர்களின் விவரங்கள் டெலிகிராம் என்னும் செயலி வழியே வெளியாவதாகச் செய்திகள் வந்து நாடெங்கும் பேச்சாயிற்று. தடுப்பூசித் தளமான கோவின் பாதுகாப்பாகவே உள்ளது என மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அந்த விவரங்களை எட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு என்பதையும் அமைச்சகம் விளக்கியது: போட்டுக்கொண்டவர் தம் போனுக்கு வரும் எண்ணைக் கொண்டு பார்ப்பது, தடுப்பூசிப் பணியாளர் தம் கணக்கின் வழியே பார்ப்பது, அனுமதி பெற்ற பிற செயலிகள் பார்ப்பது. ஆக, மூன்று கதவுகளில் ஒன்றின் சாவி பணியாளர் கையிலும், ஒன்றின் சாவி உங்கள் கையிலும் இருக்கிறது.

4. பணியாளர் காக்க வேண்டியவை

செவிலியர் படிப்பில் சேருபவர்கள் விளக்கேற்றி உறுதிமொழி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் 1893இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட அந்த உறுதிமொழியிலேயே, பணியின்போது அறியவரும் குடும்ப விஷயங்களை வெளியிடுவதில்லை என்ற வாக்கு அடங்கியிருக்கிறது. செவிலியருக்கு மட்டுமின்றி, வீட்டுக்கு வந்து பராமரிக்கும் உதவியாளருக்கும் அது பொருந்தும்.

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரி நகரத்து வீடுகளுக்கு இந்த வேலைக்குப் போகும் சகோதரிகள் உண்டு. நீங்களோ உங்கள் மனைவியோ அப்படிப் போகிறவரானால், கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

- வேலைக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். தேவையானதை மட்டும் எழுதுங்கள்.
- அந்தரங்கக் கேள்விகளைத் தனியே கேளுங்கள். திண்ணையிலும், தெருக்குழாயடியிலும், பஸ்ஸிலும் ஒருவர் வீட்டு விஷயத்தை இன்னொருவரிடம் பேசாதீர்கள். 'பேர் சொல்லல, ஆனா அந்த மாடி வீட்டுக்காரி' என்றால் பெயர் சொன்ன மாதிரிதான்.
- குறிப்பு நோட்டைச் சைக்கிள் கூடையிலோ மேஜைமேலோ விட்டுச் செல்லாதீர்கள். வேலை முடிந்ததும் பூட்டி வையுங்கள். பழைய தாளை எடைக்குப் போடாதீர்கள். பெயர் இருந்தால் கிழித்து அழித்துவிடுங்கள்.
- போனுக்குப் பூட்டு எண் போடுங்கள். கடவுச்சொல்லை மகனிடமோ சக ஊழியரிடமோ கொடுக்காதீர்கள். அட்டையின் பின்புறம் எழுதி வைக்காதீர்கள்.
- நோயாளியின் படம், பரிசோதனைச் சீட்டு, ஆதார் அட்டை ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். அனுப்பியது திரும்பி வராது.
- பெரியவர் தம் ஏ.டி.எம். ரகசிய எண்ணைச் சொல்லிப் பணம் எடுத்து வரச் சொன்னால், "அது என் வேலை இல்லீங்கய்யா, உங்க பிள்ளைகிட்ட சொல்லுங்க" என்று பணிவாக மறுத்துவிடுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு.
- உறவினரே கேட்டாலும், நோயாளியின் சம்மதம் இன்றி விவரம் சொல்லாதீர்கள்.

ஒரு சந்தேகம் எழலாம். காசநோய் கண்டால் அரசுக்கு அறிவிக்கிறார்களே, அது சரியா என்று கேட்பீர்கள். சரிதான். 2012 முதல் காசநோயாளியின் விவரத்தை அரசுக்கு அறிவிப்பது கடமை. ஆனால் அரசுக்கு அறிவிப்பது வேறு, ஊரில் பரப்புவது வேறு. முன்னது மருந்து கொடுக்க. பின்னது மனத்தைப் புண்படுத்த மட்டுமே உதவும்.

5. சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 24 ஆகஸ்ட் 2017 அன்று தீர்ப்பளித்தனர். பணக்காரர், ஏழை, நகரம், கிராமம் என்ற பேதம் அதற்கில்லை.

கருக்கலைப்பு: 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சட்டப்படியான கருக்கலைப்புக்கு 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே போதும். 2003ஆம் ஆண்டு விதிகளின்படி அவருடைய சம்மதப் படிவத்தை உறையிலிட்டு மூடி, 'ரகசியம்' என்று குறித்து வைக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேடு தவிர மற்ற ஏடுகளில் அவர் பெயருக்குப் பதில் வரிசை எண்தான் இருக்க வேண்டும். 2021இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு எவரிடமும் அந்தப் பெண்ணின் பெயரை டாக்டர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

எச்.ஐ.வி.: 2017இல் இயற்றப்பட்டு செப்டம்பர் 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, சம்மதம் பெறாமல் பரிசோதனை செய்யக்கூடாது. முடிவையும் பிறருக்குச் சொல்லக்கூடாது. வாழ்க்கைத் துணைக்குத் தெரிவிப்பதானாலும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு டாக்டரோ ஆலோசகரோ மட்டுமே தெரிவிக்கலாம். மற்றப் பணியாளருக்கு அந்த அதிகாரம் இல்லை.

கணினி விவரங்கள்: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் நவம்பர் 2025இல் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்தவை.

6. உங்கள் கையில் உள்ள சாவி

பணியாளர் காத்தாலும் நாமே அவிழ்த்து விட்டால் பயனில்லை. 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்றனர் நம் பெரியோர். இந்தக் காலத்தில் போனையும் அந்தப் பழமொழியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயும், இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 ரூபாயும் மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் தகுதியுள்ள தாய்மாருக்குக் கிடைக்கிறது. இத்தகைய பணத்தைச் சொல்லியே ஏமாற்ற வருவோர் உண்டு. எப்படிப் பதில் சொல்வது என்று பாருங்கள்.

போனில் ஒருவர்: சார், உங்க மனைவிக்குப் பிரசவப் பணம் வந்திருக்கு. இப்ப ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லுங்க.

கணவர்: நீங்க எந்த சென்டர்லேர்ந்து பேசறீங்க?

போனில் ஒருவர்: ஹெட் ஆபீஸ் சார். உடனே சொல்லலேன்னா பணம் திரும்பிப் போயிடும்.

கணவர்: போனாப் போகட்டும். நாளைக்கு எங்க ஊரு அங்கன்வாடியில நேர்ல கேட்டுக்கறேன்.

சரியான பதில்! அவசரப்படுத்துவதே மோசடியின் முதல் அடையாளம். பணம் நம் கணக்குக்கு வருவதற்கு ரகசிய எண் எதுவும் போட வேண்டியதில்லை. சதுரப் புள்ளிக் கட்டத்தை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. அப்படிச் செய்தால் பணம் நம்மிடமிருந்து வெளியேதான் போகும்.

அப்படியானால் ஆபா எண் எடுக்கும்போது நர்சம்மாவே ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறாரே என்பீர்கள். நியாயமான கேள்வி. வேறுபாடு இதுதான்: அவர் உங்களுக்குத் தெரிந்தவர், எதிரே உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் சம்மதித்த வேலையைச் செய்கிறார். அப்போதும் குறுஞ்செய்தியை முழுவதும் படித்து, எதற்கான எண் என்று பார்த்த பிறகே சொல்லுங்கள். படிக்க வராவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். போனில் கேட்கும் முகம் தெரியாதவருக்கு ஒருபோதும் சொல்லாதீர்கள்.

ஆதார் நகல் கேட்கப்படும் இடத்தில், எதற்கு என்று கேளுங்கள். நகலின் மேல் 'இன்ன காரியத்துக்கு' என்றும் தேதியும் எழுதிக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் அசல் அட்டையை மறந்து வராதீர்கள்.

7. கணவன் மனைவிக்கு ஒரு வார்த்தை

கருத்தடை முறையைப் பற்றியும், அடுத்த குழந்தை எப்போது என்பதைப் பற்றியும் இருவரும் மனம் விட்டுப் பேசுங்கள். ஆனால் அதை மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நண்பருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை.

கணவன்மாரே! நர்சம்மா உங்கள் மனைவியிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் முகம் சுளிக்காதீர்கள். "நீ போய்ப் பேசிட்டு வா, நான் வெளியில இருக்கேன்" என்று சொல்லுங்கள். அந்தச் சில நிமிடங்கள் தாயையும் சேயையும் காக்கும்.

மனைவிமாரே! கேள்வி கேட்கும்போது கூட்டம் இருந்தால், "நான் சென்டருக்கு வந்து சொல்றேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பதிவில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

8. மீறினால் என்ன செய்வது?

உங்கள் விவரத்தை ஒரு பணியாளர் வெளியே சொல்லிவிட்டார் என்று தெரிந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். சிகிச்சையையும் நிறுத்திவிடாதீர்கள். என்ன நடந்தது, எந்த நாளில் என்று எழுதி, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அதிகாரியிடம் கொடுங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன் மோசடியில் பணம் போய்விட்டால் கூச்சப்பட்டு உட்கார்ந்திராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு விரைவில் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு. வங்கிக்கும் தெரிவியுங்கள்.

நினைவிற் கொள்க

- டாக்டரிடமும் நர்சம்மாவிடமும் உடல்நல உண்மையை மறைக்காதீர்கள்.
- அதை மற்றவரிடம் சொல்லாமல் காப்பது அவர்கள் கடமை. காக்கும்படி கேட்பது உங்கள் உரிமை.
- போனில் கேட்பவருக்கு ஓ.டி.பி. எண், ரகசிய எண் சொல்லாதீர்கள்.
- சம்மதம் என்பது கேட்டு, புரிந்து, விரும்பிக் கொடுப்பது.

இருவரும் பேசிப் பாருங்கள்

1. நெகட்டிவ் ரத்தப் பிரிவுள்ள பெண்ணுக்கு முன்பு கரு கலைந்திருந்தால் அதை ஏன் டாக்டரிடம் சொல்ல வேண்டும்?
2. நர்சம்மா எதிரே அமர்ந்து எண் கேட்பதற்கும், போனில் ஒருவர் கேட்பதற்கும் என்ன வேறுபாடு?
3. நம் வீட்டு மருத்துவச் சீட்டுகளும் ஆதார் அட்டைகளும் இப்போது எங்கே இருக்கின்றன? யார் கையில் அவை எளிதாய்ச் சிக்கும்?

மூன்றாவது கேள்விக்கு விடை காண இன்றிரவே அலமாரியைத் திறந்து பாருங்கள்.

தயங்காமல் சொல்லுங்கள். காக்கும்படி கேளுங்கள். குடும்பம் நலமாக வாழட்டும்!